ஒரு சாவுக்கு இருபது நாளா, ஒரே ராத்திரியா?

அக்கா பதினெட்டாவது எபிசோடைத் தாண்டியிருந்தாள். “இவன்தான்னு மூணாவது நாளே சொன்னேன்ல?” என்றாள். மூன்றாவது நாள் அவள் சொன்னது வேறொருவனை. நான் திருத்தப் போகவில்லை. அந்தத் தொடரைப் பார்க்கிற எல்லாருமே மனதுக்குள் ஆறேழு பேரைக் கைது செய்து, அப்புறம் சத்தமில்லாமல் விடுதலையும் செய்திருப்பார்கள்.

தொடரின் டேனிஷ் பெயர் ‘ஃபோர்பிரூடெல்சன்’. குற்றம் என்று அர்த்தம். வெளியூர்களில் ‘தி கில்லிங்’. டென்மார்க்கின் பொது ஒளிபரப்பு நிறுவனமான டிஆர் 2007-ல் போட்டது. 2011 ஜனவரியில் பிபிசி ஃபோர் அதை சப்டைட்டிலோடு சனிக்கிழமை இரவுகளில் காட்டத் தொடங்கியதும் பிரிட்டன்காரர்கள் அதிலேயே விழுந்து கிடந்தார்கள். நன்னா பிர்க் லார்சன் என்ற 19 வயதுப் பெண்ணைக் கொன்றது யார் என்று கண்டுபிடிக்க முதல் சீசன் எடுத்துக்கொள்வது 20 எபிசோட், 20 நாள். ஒரு எபிசோடுக்கு ஒரு நாள் கணக்கு.

அக்கா அதைப் பார்த்த அதே வாரங்களில் நான் பக்கத்து அறையில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிபிசியின் பழைய ஒற்றை நாடகங்கள். 1964 முதல் 1970 வரை ‘தி வெனஸ்டே ப்ளே’, அதன் தொடர்ச்சியாக 1984 வரை ‘ப்ளே ஃபார் டுடே’. ஒவ்வொரு முறையும் புதுக் கதை, புது ஆட்கள். ஒன்றோ ஒன்றரையோ மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். இரண்டாவது வரிசையில் மட்டும் 300 நாடகங்களுக்கு மேல். அக்கா ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். “ஒரே ஹால்ல அஞ்சு பேர் உக்காந்து குடிக்கிறாங்க. இதுல என்ன இருக்கு?”

அவளுக்கு அப்போது நான் சொன்ன பதில் சரியில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ‘தி கில்லிங்’கின் முதல் எபிசோட் முடிகிற விதத்துக்கு இணையாக ஒற்றை நாடகங்களில் எதையும் என்னால் உடனே காட்ட முடியாது. கால்வாயிலிருந்து ஒரு காரைத் தூக்குகிறார்கள். மேயர் தேர்தலில் நிற்கும் ட்ரோல்ஸ் ஹார்ட்மனின் பிரசார வண்டிகளில் ஒன்று அது. மகளைத் தேடி அலைந்த அப்பா தைஸ் அங்கே வந்து சேர்கிறார். காதில் போன், மறுமுனையில் மனைவி பெர்னில்லே. என்ன கிடைத்தது என்று அவளிடம் யாரும் சொல்வதில்லை. கணவன் அலறுவது மட்டும் அவளுக்குக் கேட்கிறது. நாமும் பெரும்பாலும் அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறோம்.

இதற்கு அடுத்த நாள்தான் முக்கியம். வழக்கமான துப்பறியும் கதையில் பெற்றோர் ஒரு காட்சியில் அழுவார்கள், அதோடு அவர்கள் வேலை முடிந்தது. இங்கே அந்தக் குடும்பத்தை விட்டு கேமரா நகர மறுக்கிறது. தைஸுக்கு வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கிற தொழில். லாரி வந்தாக வேண்டும், ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், இரண்டு சின்னப் பையன்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், நடுவில் சவப்பெட்டி பார்க்கப் போக வேண்டும். போலீஸ், நகர மன்றம், குடும்பம் என்று கதை மூன்று கயிறாகப் போகிறது. அதில் மற்ற இரண்டையும் வெட்டிவிட்டு அந்தச் சமையலறையை மட்டும் ஒட்டி ஒன்றரை மணி நேரமாக்கினால், அது அப்படியே ஒரு ‘ப்ளே ஃபார் டுடே’. இதை அக்காவிடம் சொன்னபோது, “அப்ப யார் கொன்னான்னு எப்படித் தெரியும்?” என்றாள்.

அங்கேதான் இரண்டும் பிரிகின்றன. இரண்டிலுமே ஒரு சாவு உண்டு. தொடர் அதை ஒருவர் தலையில் ஏற்றியே தீரவேண்டும். நாடகத்துக்கு அந்தக் கடமை இல்லை.

அந்த ஹாலில் குடித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் ‘அபிகெய்ல்ஸ் பார்ட்டி’யின் ஆட்கள். மைக் லீ இயக்கியது, 1977 நவம்பர் 1 அன்று ஒளிபரப்பானது. பெவர்லி தன் வீட்டுக்கு அக்கம்பக்கத்தாரை அழைத்திருக்கிறாள். கணவன் லாரன்ஸ் வீடு விற்கும் தரகன், வேலை வேலை என்று அலைகிறவன். புதிதாகக் குடிவந்த ஆஞ்செலாவும் டோனியும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சூ. அவளுடைய பதினைந்து வயது மகள் அபிகெய்ல் அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் பார்ட்டி நடத்துகிறாள். கடைசிவரை அபிகெய்லை நாம் பார்ப்பதே இல்லை. சுவருக்கு அப்பாலிருந்து பாட்டுச் சத்தம்தான். சூ கொண்டுவந்த சிவப்பு ஒயினை பெவர்லி ஃபிரிட்ஜில் வைக்கிறாள். சிவப்பு ஒயினைப் பொதுவாக அப்படிக் குளிரவைக்க மாட்டார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை. சூவுக்கு மட்டும் தெரியும், நமக்கும் தெரியும், அவள் முகத்தை நாம் பார்க்கிறோம். வேண்டாம் வேண்டாம் என்கிறவளின் கிளாஸில் பெவர்லி ஜின்னை ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். அப்புறம் சூ வாந்தி எடுக்கிறாள். விருந்தாளிக்குத் தெரியாமல் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கிற அன்பு இருக்கிறதே, அதன் கொடூரமான ஒன்றுவிட்ட தங்கை இது.

ராத்திரி முடியும்போது லாரன்ஸ் மாரடைப்பில் விழுகிறான். கொலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் மனைவி அவனைக் குத்தியதை, மற்றவர்கள் சிரித்து ஊக்கப்படுத்தியதை, அவனே ஒரு ஓவியத்துக்காக வீம்பு பிடித்ததை நாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று. சாட்சிகள் நாமே. கைது செய்யத்தான் ஆள் இல்லை.

இதைவிடக் கடுமையானது டென்னிஸ் பாட்டர் எழுதிய ‘ப்ளூ ரிமெம்பர்ட் ஹில்ஸ்’, 1979. இரண்டாம் உலகப் போர்க்காலத்துக் கிராமப்புற இங்கிலாந்து, ஒரு கோடைப் பகல், ஏழு வயதுப் பிள்ளைகள் ஏழு பேர். எல்லாரையும் பெரியவர்களே நடிக்கிறார்கள். அரை டிராயர் போட்ட கனத்த மனிதர்கள் புல்லில் உருண்டு அணிலைத் துரத்துகிறார்கள். ஹெலன் மிர்ரன் பொம்மை வண்டி தள்ளுகிறார். ஐந்து நிமிடம் சிரிப்பு வரும். பத்தாவது நிமிடத்தில் அவர்கள் வயது மறந்துவிடும். கூட்டத்துக்கு இளப்பமாகிப்போன ஒரு பையன் வைக்கோல் கொட்டகைக்குள் தனியாகத் தீக்குச்சி கிழித்துக்கொண்டிருக்கிறான். வெளியே மற்றவர்கள் விளையாட்டாகக் கதவை அழுத்திப் பிடிக்கிறார்கள். கடைசியில் நீண்ட புல்லுக்குள் படுத்துக்கொண்டு, நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகுகிறார்கள். இதை ‘தி கில்லிங்’கில் துப்புத் துலக்கும் ஸாரா லுண்ட் விசாரித்திருந்தால் இரண்டே நாளில் உண்மை வந்திருக்கும். வந்து என்ன ஆகப்போகிறது என்பதுதான் பாட்டர் நம்மிடம் விட்டுப்போகிற கேள்வி.

சரி, லுண்டுக்கு வருவோம். சோஃபி குரோபோல் நடித்த அந்தப் போலீஸ்காரி தனது கடைசி வேலைநாளில், ஸ்வீடனுக்குக் குடிபெயரக் கிளம்பும் நேரத்தில் இந்த வழக்கில் மாட்டிக்கொள்கிறாள். ஃபாரோ தீவுகளில் பின்னிய அந்த ஸ்வெட்டரைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அவள் பேசாமல் இருப்பது. சம்பவம் நடந்த அறையில் டார்ச்சோடு நின்று அவள் சும்மா பார்க்கிற காட்சிகளை எந்த ஒற்றை நாடகமும் தர முடியாது. 75 நிமிடத்தில் அவ்வளவு மௌனத்துக்கு இடமில்லை. இந்த இடத்தில் தொடருக்கே என் ஓட்டு.

நடிகர்களை வைத்து வேலை வாங்கிய விதத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. ‘தி கில்லிங்’ படப்பிடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே சோரன் ஸ்வைஸ்ட்ரூப் எழுதிக்கொண்டிருந்தார். கொலையாளி யார் என்று நடிகர்களுக்குச் சொல்லப்படவில்லை. ஒருவேளை நான்தானோ என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டே நடித்தார்கள். அதனால்தான் அப்பாவி முகங்களிலும் ஒரு சின்ன நிழல் இருக்கிறது. மைக் லீ வேறு வழி. வாரக்கணக்கில் ஒத்திகை அறையில் நடிகர்களோடு உட்கார்ந்து, அந்தப் பாத்திரம் எங்கே பிறந்தது, என்ன சம்பளம் என்பதுவரை பேசிப் பேசி உருவாக்குவார். வசனம் அதிலிருந்து வரும். ஒன்றில் தன் பாத்திரம் நாளைக்கு என்ன ஆகும் என்று நடிகருக்குத் தெரியாது. மற்றதில் நேற்று என்ன நடந்தது என்பது அத்தனையும் தெரியும். அபிகெய்ல் நாடகம் டிவிக்கு வந்ததே தற்செயல்தான். மேடையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது பெவர்லியாக நடித்த அலிசன் ஸ்டெட்மன் கர்ப்பமாக இருந்ததால் பெரிய அரங்குக்குக் கொண்டுபோக முடியவில்லை. சரி, பதிவாவது செய்வோம் என்று ஸ்டுடியோவுக்குப் போனார்கள்.

தொடரின் பலவீனம் நடுப்பகுதி. பத்திலிருந்து பதினாறு வரை ஒரு ஒழுங்கு தெரிந்துவிடுகிறது: ஒருவர் மேல் சந்தேகம், இரண்டு எபிசோட், அவர் இல்லை, அடுத்தவர். மூன்றாவது ஆளிலேயே அக்கா, “இன்னும் பத்து மணி நேரம் இருக்கே, இவன் எப்படி கொலைகாரனா இருப்பான்?” என்று கடிகாரத்தை வைத்தே துப்பறிய ஆரம்பித்துவிட்டாள். இது நீளத்துக்குக் கொடுக்கிற விலை. ஆனால் அதே நீளம்தான், தவறாகச் சந்தேகப்பட்ட ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்க்கை எப்படிக் கலைகிறது என்பதையும் விடாமல் காட்டுகிறது.

‘தி பிரிட்ஜ்’ பற்றிச் சுருக்கமாக. 2011-ல் ஸ்வீடனும் டென்மார்க்கும் சேர்ந்து எடுத்தது. இரு நாடுகளை இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தின் நடுவில், சரியாக எல்லைக்கோட்டில் ஒரு உடல். தூக்கும்போதுதான் தெரிகிறது, அது இரண்டு பெண்களின் இரண்டு பாதிகள். நோயாளியோடு வரும் ஆம்புலன்ஸை ஸ்வீடன் அதிகாரி ஸாகா விட மறுக்கிறாள், விதி விதிதான். டேனிஷ் அதிகாரி மார்ட்டின் விட்டுவிடுகிறான். அவள் அவன்மேல் புகார் எழுதுகிறாள். இரண்டு பேரையும் அறிமுகப்படுத்த இதைவிடச் சுருக்கமான காட்சி கிடையாது. அமெரிக்கா–மெக்சிகோ, பிரிட்டன்–பிரான்ஸ், பிறகு 2018-ல் சிங்கப்பூர்–மலேசியா என்று எல்லை உள்ள இடமெல்லாம் இதை மறுபடி எடுத்தார்கள். ஆனால் முதல் சீசனின் கொலையாளி, சமூகத்தின் ஐந்து பிரச்சினைகளை உலகுக்குக் காட்டத்தான் கொல்கிறேன் என்று பிரசங்கம் செய்வது எனக்கு ஒட்டவில்லை. வீடில்லாதவர்கள் படும் பாடு அதில் ஒன்று.

அதைப் பற்றி 1966 நவம்பர் 16 அன்றே கென் லோச் இயக்கிய ‘கேத்தி கம் ஹோம்’ பேசியாயிற்று, ஒரு கத்தியும் இல்லாமல். கணவன் வேலையில் அடிபடுகிறான், வாடகை நிற்கிறது, வீடு போகிறது, கேரவன், அரசு விடுதி, கடைசியில் ரயில் நிலைய பெஞ்சில் வைத்து அதிகாரிகள் கேத்தியின் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். இதில் வந்தவை எல்லாம் கடந்த 18 மாதங்களில் பிரிட்டனில் நடந்தவை என்ற எழுத்தோடு முடிகிறது. அன்று பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். இரண்டு வாரம் கழித்து வீடற்றோருக்கான ‘ஷெல்டர்’ அமைப்பு தொடங்கியது. நாடகம்தான் அதைத் தொடங்கிவைத்தது என்று சிலர் சொல்வார்கள்; உண்மையில் அந்த ஏற்பாடு முன்பே நடந்துகொண்டிருந்தது. நாடகம் அதற்குக் காற்றடித்தது என்றால் சரி.

ஸ்காண்டிநேவியர்களின் சமூகக் கோபமும் அதே காலத்துச் சரக்குதான் என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். மாய் ஷோவாலும் பேர் வாலூவும் மார்ட்டின் பெக் நாவல்கள் பத்தை எழுதத் தொடங்கியது 1965-ல். நலத்திட்ட ஸ்வீடனின் உள்ளே என்ன அழுகுகிறது என்று பார்க்க அவர்கள் போலீஸ் கதையைக் கத்தியாக எடுத்தார்கள். லண்டனில் அதே வேலைக்கு ஒற்றை நாடகத்தை எடுத்தார்கள். அப்புறம், ஸ்வீடன்காரர்களுக்கு டிவி நாடகம் தெரியாது என்றும் நினைத்துவிடக் கூடாது. சினிமா இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1973-ல் ஒரு தம்பதியை மட்டும் வைத்து ஆறு வாரம் ஒரு நாட்டையே உட்கார வைத்தவர்.

பழைய நாடகங்களைப் பார்ப்பதில் தொல்லைகளும் உண்டு. ஸ்டுடியோ வெளிச்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், சுவர் லேசாக ஆடும். வீடியோ டேப் விலை அதிகம் என்று பிபிசியே பலவற்றை அழித்துவிட்டது. அதற்கும் முந்தைய காலத்தில் எல்லாம் நேரலை. 1958 நவம்பரில் பிரிட்டனின் தனியார் சேனலான ஐடிவியில் ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோது இரண்டு காட்சிகளுக்கு நடுவில் கேரத் ஜோன்ஸ் என்ற நடிகர் நிஜமாகவே இறந்துபோனார். மற்றவர்கள் அவர் வசனத்தைப் பங்கு போட்டுப் பேசி நாடகத்தை முடித்தார்கள். இயக்கியவர் டெட் கோட்செஃப், பின்னாளில் முதல் ராம்போ படத்தை எடுத்தவர்.

டேனிஷ் தொடர்களுக்கு வேறொரு தொல்லை: வெங்காயம் உரித்துக்கொண்டே பார்க்க முடியாது. கண்ணை எடுத்தால் சப்டைட்டில் போய்விடும். அக்கா முதல் மூன்று எபிசோடைச் சமைத்துக்கொண்டே பார்த்துவிட்டு, ஹார்ட்மன்தான் போலீஸ் என்று நினைத்திருந்தாள்.

எதை எடுப்பது என்று கேட்டால், இரண்டு வார மழையும் ஒரு துணையும் இருந்தால் ‘தி கில்லிங்’ முதல் சீசன். ஒரு ராத்திரிதான் இருக்கிறது என்றால் ‘ப்ளூ ரிமெம்பர்ட் ஹில்ஸ்’. ‘அபிகெய்ல்’ வேண்டாம், அதுவும் விருந்தாளி வந்திருக்கும்போது. என்னைத் தீவில் விட்டுவிட்டு ஒன்றுதான் என்றால், நான் நாடகத்தைத்தான் எடுப்பேன். கொலையாளி யார் என்று தெரிந்தபின் 20 மணி நேரத்தைத் திரும்பப் பார்க்க எனக்குப் பொறுமை வந்ததில்லை. கொட்டகைக் கதவைப் பிடித்த கைகளை நாலு தடவை பார்த்துவிட்டேன்.

அக்கா இருபதாவது நாளை முடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். டிவியை அணைத்துவிட்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்ன ஆள் இல்லை. “அது கிடக்கட்டும்,” என்றாள், “அந்த அம்மா இனிமே அந்த வீட்டுல எப்படி இருப்பா?”