கைத்தறிக் கடைக்கு அயோனிக்கா, பூட்ஸ்ட்ராப்பா?

மருதமுனையில் ஒரு கைத்தறிச் சாரிக் கடைக்கு ஸ்டொக் பார்க்கும் பக்கம் செய்து கொடுத்தேன். முதலில் அயோனிக், அதாவது இணைய மொழிகளிலேயே போன் செயலி செய்ய உதவும் ஆயத்தக் கருவித்தொகுப்பு. போனில் அருமை: பொத்தான்கள் விரலுக்குத் தோதான அளவு, அன்ட்ரொய்டில் ஒரு தோற்றம், ஐபோனில் இன்னொன்று, தானாகவே மாறிக்கொள்ளும். கடை மேசைக் கணினியில் திறந்தால்தான் தொல்லை. சாரியின் பெயர் இடது ஓரத்தில், விலை வலது ஓரத்தில், நடுவே வெறும் வெள்ளை. "எந்த வரியில நிக்கிறனெண்டே தெரியல்ல தம்பி" என்றார் கணக்குப் பார்க்கும் நானா. திரை அகலம் 992 பிக்சலுக்கு மேல் இருந்தால் மெனுவைப் பக்கத்தில் நிறுத்தி வைக்கலாம், சரி. ஆனால் அட்டவணைக்கென்று தனிக் கூறு அதில் இல்லை.

அடுத்தது பூட்ஸ்ட்ராப், இணையப் பக்கங்களுக்கான ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பு. 2013இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே அது போன் திரையை முன்வைத்து மாறிவிட்டது. எனக்குப் பிடித்தது என்னவோ அதன் அட்டவணைதான். இப்போது கடையில் அதுதான் ஓடுகிறது. போனில் மட்டும் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கிறது, பெரிய எரிச்சல்.