வீவக மறுவிற்பனை விலைத் தேடல்: சராசரியை விடுங்கள், புளோக்கைப் பாருங்கள்

கதவிடுக்கில் வந்து விழும் சொத்து முகவர்களின் துண்டுத்தாள்களை வைத்து வீட்டு விலையைக் கணிப்பவர்களுக்கு என் பரிந்துரை, சிங்கப்பூரில் அரசாங்க வீடுகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) இணையத்தளத்தில் உள்ள மறுவிற்பனை விலைத் தேடல். கட்டணம் கிடையாது, அரசாங்க இணையச் சேவைகளில் நுழையும் சிங்பாஸ் கணக்கும் தேவையில்லை. தங்கைக்கு ஈசூனில் நாலறை வீடு தேடுகிறோம். அதனால் இப்போதெல்லாம் என் கைப்பேசியில் எப்போதும் திறந்தே கிடக்கும் பக்கம் இதுதான்.

வீட்டு வகை, பேட்டை, தேதி கொடுத்தால் புளோக் எண், தெரு, பரப்பளவு, குத்தகை தொடங்கிய ஆண்டு, விலை எல்லாம் வரிசையாக வரும். விளம்பரத் தளங்களில் இருப்பது விற்பவர் ஆசைப்படும் விலை. இங்கே இருப்பது பதிவான விலை. மாடி மட்டும் 10 முதல் 12 என்று மும்மூன்றாக வரும், வீட்டு எண் இருக்காது. அதுவும் சரிதான், அடுத்தவர் வீட்டு எண் நமக்கு எதற்கு?

மாதாமாதம் விலை எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனால்தான் சிக்கல். 1980களில் கட்டிய புளோக்குகளும், விற்குமுன் கட்டாயமாகக் குடியிருக்க வேண்டிய ஐந்தாண்டுக் காலத்தை இப்போதுதான் முடித்த புளோக்குகளும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கும். புதியவை கொஞ்சம் கூடுதலாக விற்ற மாதத்தில் சராசரி ஏறிவிடும். பழைய வீட்டு விலை ஒரு வெள்ளிகூட அசைந்திருக்காது. சீனப் புத்தாண்டு வரும் மாதத்தில் வழக்கமாக விற்பனையே மந்தம், நாலைந்து வீடுகள் போதும் கணக்கைக் கலைக்க. தேதியும் பதிவுத் தேதிதான். விற்பவர் ஓடிபி (வீட்டை வாங்கும் உரிமையைத் தரும் பத்திரம்) கொடுத்த பிறகு வாங்குபவருக்கு 21 நாள் அவகாசம், அப்புறம்தான் விண்ணப்பம். ஜூனில் நீங்கள் பார்க்கும் விலை மே மாதத்தில் பேசி முடித்ததாக இருக்கலாம். விலைக் குறியீட்டை வீவக காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் வெளியிடுவது எனக்கு நியாயமாகவே படுகிறது.

நான் ஒரே தெருவை, ஏறக்குறைய ஒரே வயது புளோக்குகளை எடுத்து, சதுர மீட்டருக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்க்கிறேன். இன்னும் பின்னால் போக வேண்டுமானால் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் 1990 முதலான பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

மதிப்பீட்டுக்கு மேல் கொடுத்த ரொக்கம் எவ்வளவு என்பது இதில் தெரியாது. 2014 மார்ச்சிலிருந்து விலை பேசி முடித்த பிறகுதான் மதிப்பீடே கேட்க முடியும். மேலே போகும் தொகைக்குக் கடனும் கிடைக்காது, மத்திய சேம நிதியும் (மசேநி) உதவாது.

நம்மவர்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் இன ஒதுக்கீடு, அதாவது ஒவ்வோர் இனத்தவருக்கும் எத்தனை விழுக்காடு வீடுகள் என்ற வரம்பு. இந்தியர், மற்றவர் பிரிவுக்கு ஒரு புளோக்கில் உச்சவரம்பு 15 விழுக்காடு, அக்கம்பக்க வட்டாரத்தில் 12. அது நிரம்பிவிட்டால் அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்து மட்டுமே நாம் வாங்க முடியும். சீனர் ஒதுக்கீடு நிரம்பிய புளோக்கில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருபவர்கள் குறைவார்கள், விலையும் இறங்கும். பட்டியலில் ஒரு வீடு மட்டும் பக்கத்து வீட்டைவிட மலிவாகத் தெரிந்தால் காரணம் இதுவாகவும் இருக்கலாம், ஆனால் தேடல் பக்கம் அதைச் சொல்லாது. ஒதுக்கீட்டு நிலவரத்துக்குத் தனிப் பக்கம் உண்டு, மாதம் முதல் தேதி புதுப்பிக்கிறார்கள். ஓடிபிக்குப் பணம் கொடுக்கும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.