பெரியப்பாட கொப்பியும் ஃப்ரீகேட்டும்: நாலு வருசம் பாவிச்ச அனுபவம்

2021 நடுவில இருந்து ஃப்ரீகேட் (FreeCAD) பாவிக்கிறன், மிசின் சாமான்களை அளவோட கொம்பியூட்டர்ல கீறி மொடலாக்கிற சொஃப்ட்வெயார். திருகோணமலை டவுனுக்குள்ள எங்கட பெரியப்பாட லேத் பட்டறை இருக்கு, மனுசன் நாப்பது வருசமா செய்து குடுத்த சாமான் எல்லாத்தையும் சீஆர் கொப்பியில பென்சிலால கீறி வச்சிருக்கிறார். போட் எஞ்சினுக்குப் புஷ் (ஷாஃப்ட் உள்ளுக்கு நிண்டு சுத்திற குழாய்த் துண்டு), தண்ணிப் பம்ப் கப்ளிங், வலை இழுக்கிற மிசினுக்குக் கப்பி, அரிசி மில் ஷாஃப்ட் எண்டு மொத்தம் 23 கொப்பி. கரையான் தின்ன முதல் அதுகள கொம்பியூட்டருக்குள்ள ஏத்தோணும் எண்டுதான் தொடங்கினனான். காசு குடுத்து சொஃப்ட்வெயார் வாங்கிற நிலைமை இல்ல, ஃப்ரீகேட் இலவசம், இன்டர்நெட் இல்லாமலும் ஓடும், அதால அதைப் பிடிச்சது.

முதல் ரெண்டு மாசம் முழுக்கப் பிழையான வழியில போயிட்டன். படத்தை போன்ல எடுத்து, கோட்டைத் தானா பிடிக்கிற சொஃப்ட்வெயாருக்குள்ள விட்டா மொடல் வந்திடும் எண்டு நினைச்சன். வந்தது என்னெண்டா பென்சில் கோட்டிட ரெண்டு கரையும் தனித்தனிக் கோடா, வட்டம் எல்லாம் நூறு துண்டா. அதைத் துப்பரவாக்கிற நேரத்துக்குப் புதுசாக் கீறிப்போடலாம். அதைவிடப் பெரிய விசயம், பெரியப்பா கீறுற படம் ஒண்டும் உண்மையான அளவுக்கு ஏத்த மாதிரி இருக்காது. ரெண்டு இன்ச் புஷ்ஷும் பத்து இன்ச் ஷாஃப்ட்டும் அவரிட கொப்பியில ஒரே நீளம்தான். படம் உருவத்தைத்தான் சொல்லுது, உண்மையான சாமான் பக்கத்தில எழுதியிருக்கிற இலக்கத்துக்குள்ள இருக்கு. இது விளங்கின பிறகுதான் வேலை ஓடத் தொடங்கிச்சு.

இப்ப செய்யிறது இதுதான். ஃப்ரீகேட்ல தட்டைப் படம் கீறுற ஸ்கெட்ச்சர் எண்ட பகுதியில கையால சும்மா ஒரு மாதிரிக் கீறுவன், பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் கட்டுப்பாடு போடுவன், இது கிடை, இது நிலைக்குத்து, இது ரெண்டும் சமன், இந்த வட்டம் இந்தக் கோட்டைத் தொடுது எண்டு, பிறகு அளவு. ஒரு கோடு சும்மா இருந்தா நாலு விதத்தில அசையலாம், வட்டம் எண்டா மூண்டு, இன்னும் எத்தினை அசைவு மிச்சம் இருக்கு எண்டு ஃப்ரீகேட் பக்கத்தில காட்டிக்கொண்டே இருக்கும், எல்லாம் இறுகினா முழுப்படமும் பச்சையாகும். பச்சை வராட்டி கொப்பியில ஒரு அளவு குறையுது எண்டு அர்த்தம். எனக்கு இந்த சொஃப்ட்வெயார்ல ஆகப் பிடிச்சது இதுதான், என்ன கேள்வி கேக்கோணும் எண்டு அது எனக்குச் சொல்லித்தருது, நான் போய் பெரியப்பாட்டக் கேப்பன்.

ஆனா பச்சையான உடன எல்லாம் சரி எண்டும் நினைக்கப்படாது. ஒரு போட் பம்ப்புக்கு ஃபிளேஞ்ச் (போல்ட் போட்டுப் பூட்டுற தட்டு) படத்தில "4 ஓட்டை, அரை இன்ச், 3½" எண்டு இருந்தது. நான் மூண்டரையை ஓட்டை நடுவால போற வட்டத்திட விட்டம் எண்டு எடுத்து 88.9 மில்லிமீற்றர் போட்டன், படம் வடிவாப் பச்சையாச்சு, அப்பிடியே இரும்பில வெட்டித் துளையும் போட்டாச்சு. பம்ப்ல வச்சுப் பாத்தா ஒரு ஓட்டையும் பொருந்தேல்ல. பெரியப்பா அளந்தது எதிரெதிர் ஓட்டையிட வெளிக்கரையில இருந்து வெளிக்கரைக்கு, ஏனெண்டா வேணியர் எண்ட அளக்கிற கருவியால அதைத்தான் லேசா அளக்கலாம். அரை இன்ச் கழிச்சா நடுவட்டம் 3 இன்ச், அதாவது 76.2. இரும்பு விக்கிற விலைக்கு ஒரு துண்டு வீணாப் போச்சு, போட்காரருக்கு ஒருநாள் தொழிலும் போச்சு. பெரியப்பா ஒண்டும் சொல்லேல்ல, அதுதான் எனக்கு இன்னும் கவலை.

அண்டைக்குப் பிறகு எதையும் முதல்ல கடதாசியில ஒண்டுக்கு ஒண்டு பிரின்ட் எடுத்து, வெட்டி, சாமானுக்கு மேல வச்சுப் பாக்காம வெட்டுறதில்ல. ஃப்ரீகேட்ல தாளுக்குப் படம் எடுக்கிற டெக்டிரோ எண்ட பகுதியில ஸ்கேல் 1:1 குடுங்கோ, பக்கத்தில 100 மில்லிமீற்றர் கோடு ஒண்டும் கீறி விடுங்கோ, பிரின்டர் தாளுக்குப் பொருத்திறன் எண்டு சுருக்கினா அந்தக் கோட்டை அடிமட்டத்தால அளந்த உடன பிடிபடும்.

அளவு மாத்திறதையும் சொல்லோணும். எங்கட ஆக்கள் இன்ச்சும் நூலும்தான், 8 நூல் ஒரு இன்ச், ஒரு நூல் 3.175 மில்லிமீற்றர். "2 இன்ச் 3 நூல்" எண்டா 60.325. ஃப்ரீகேட்டுக்கு இன்ச்சிலயே அடிச்சாலும் தானா மாத்திக்கொள்ளும், அது நல்ல வசதி. ஆனா பெயாரிங் வாற இடத்தில கவனம். ஒரு பக்கத்தில "6205, ஷாஃப்ட் 1 இன்ச்" எண்டு எழுதியிருக்கு. 6205 எண்டது பெயாரிங் நம்பர், அதிட உள்விட்டம் 25 மில்லிமீற்றர், ஒரு இன்ச் 25.4, 0.4 மில்லி கூடின ஷாஃப்ட் அதுக்குள்ள எங்க போறது. பெரியப்பா ஒரு இன்ச் எண்டு எழுதிறது கைப்பழக்கம், லேத்தில நிக்கேக்க பெயாரிங்கைக் கையில வச்சு அதுக்கேத்த மாதிரித்தான் கடைவார். அந்தப் பழக்கம் கொப்பியில இல்ல. அதால பெயாரிங் நம்பர் கண்டா கொப்பி அளவை விட்டிட்டு பெயாரிங் கட்டலொக் அளவைத்தான் போடுறன். "கை இறுக்கம்" எண்டும் சில இடத்தில எழுதியிருக்கு, சுத்தியல் இல்லாமக் கையால தள்ளினா போகோணுமாம், அதை மொடல்ல காட்ட ஏலாது, குறிப்பா எழுதி வைக்கிறன்.

படத்துக்கு மேலால கீறுறது முழுக்க வீண் எண்டும் இல்ல. கேஸ்கட் (ரெண்டு இரும்புக்கு நடுவில ஒழுகாம வைக்கிற தட்டை) மாதிரி வளைஞ்சு நெளிஞ்ச சாமானுக்கு அதுதான் வழி. பழைய கேஸ்கட்டைத் துடைச்சுப்போட்டு ஸ்கேனர் கண்ணாடியில நேரா வச்சு 300 டிபிஐயில எடுப்பன், படத்தை ஃப்ரீகேட்டுக்குள்ள போட்டு, தெரிஞ்ச ஒரு தூரத்தில ரெண்டு புள்ளி வச்சு அளவைச் சரிக்கட்டுவன். ஆகக் கூடின தூரத்தை எடுங்கோ. 20 மில்லிமீற்றர்ல அரை மில்லி பிழை விட்டா 200ல 5 மில்லி பிழைக்கும். போன் போட்டோ இதுக்குச் சரிவராது, கொஞ்சம் சரிஞ்சாலும் ஒருபக்கம் சுருங்கும்.

குறை எண்டா, 0.19 பதிப்பில நான் தொடங்கேக்க, மொடலிட ஒவ்வொரு முகத்துக்கும் (பக்கத்துக்கும்) ஃப்ரீகேட் வைக்கிற பெயர் மாறுற பிரச்சினை சரியான கரைச்சல். முதல் ஸ்கெட்ச்சில சின்ன மாற்றம் செய்தா "முகம் 6" எண்டிருந்தது வேற முகமாகும், அதில ஒட்டிக்கொண்டிருந்த துளை, விளிம்பு வளைவு எல்லாம் உடையும். 2024 நவம்பர்ல வந்த 1.0ல அதைக் கனக்கக் குறைச்சிட்டாங்கள், எனக்கு அது பெரிய ஆறுதல். எண்டாலும் ஸ்கெட்ச்சை முகத்தில ஒட்டாம அடித்தளத்திலயே வைக்கிறதையும், விளிம்பு வளைவைக் கடைசியாப் போடுறதையும் நான் விடேல்ல. பழகிறதுக்கும் நாள் எடுக்கும், எனக்கு ஆறு மாசம் எடுத்தது. என்ர லெப்டொப் எட்டு ஜிபி ரெம் உள்ள செகண்ட் ஹேண்ட், தனிச் சாமானுக்குத் தாராளமாக் காணும்.

2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் நிப்பாட்டின நாட்கள்ல லேத் ஓடாது, டீசலும் இல்ல, பெரியப்பா ஸ்டூல்ல இருந்து கொப்பியைப் புரட்டிப் புரட்டிச் சொல்லுவார், நான் பற்றறி முடியிறவரைக்கும் கீறுவன். இதுவரைக்கும் முடிச்ச ஒன்பது கொப்பியில ஆறு கொப்பி அந்த வருசத்தில முடிஞ்சதுதான். ஒருநாள் மொடலைச் சுழட்டிக் காட்டினன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து பாத்திட்டு, "மகன், உள்வாயில சாய்வு எங்க?" எண்டு கேட்டார். கொப்பியில சாய்வே இல்ல. "அது கீறத் தேவையில்ல, எல்லா புஷ்ஷுக்கும் போடுறதுதானே" எண்டார். முடிச்ச புஷ் எல்லாத்தையும் திரும்பத் திறந்து ஒரு மில்லி சாய்வு போட்டன்.

இப்ப பத்தாவது கொப்பி. பாதியில ஒரு கப்பி நிக்குது, பக்கத்தில "கிண்ணியா போட்" எண்டு மட்டும் இருக்கு, நடு ஓட்டைக்கு அளவு இல்ல, பெரியப்பாவுக்கும் ஞாபகம் இல்ல. போட்காரர் வந்தா கழட்டி அளக்கலாம் எண்டு சொல்லி விட்டிருக்கிறார். ஃபைலைத் திறந்தா ஒரு வட்டம் மட்டும் இன்னும் பச்சையாகேல்ல.