ரீயூனியனில் கிடைக்கும் எஸ்த்ரோதோஸ் ஜெல்: தகிப்புக்கு நல்லது, இதய மருந்து அல்ல

மாதவிடாய் நின்றபின் உடல் தகிப்பாலும் இரவு வியர்வையாலும் தூக்கம் கெடும் பெண்களுக்கு, மருந்துச் சீட்டுடன் இங்கே எந்த ஃபார்மசியிலும் கேட்டுப் பெறக்கூடிய இந்த ஈஸ்ட்ரடயால் (பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகை) ஜெல்லையே முதலில் சொல்வோம். ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால் அது நேரே கல்லீரலுக்குப் போய், இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது. தோல் வழியே போனால் அந்தத் தொல்லை இல்லை. பிரான்சில் நடந்து 2003இல் வெளியான எஸ்தர் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் சிரைகளில் இரத்தக்கட்டி அபாயம் கூடியது. தோல்வழி எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. சர்க்கரை நோய் மிகுந்த நம் தீவில் இது சின்ன விஷயமல்ல.

பம்பை ஒருமுறை அழுத்தினால் 1.25 கிராம் ஜெல் வரும், அதில் 0.75 மி.கி. ஈஸ்ட்ரடயால். பலருக்கும் தினம் இரண்டு அழுத்தல் எழுதுவார்கள், சிலருக்கு ஒன்றே போதும். புதுப் பாட்டிலின் முதல் அழுத்தலில் அளவு சரியாக வராது, அதைக் கொட்டிவிடுங்கள். குளித்துத் துவட்டியபின் கையிலோ தொடையிலோ மெல்லியதாகப் பரப்பினால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். மார்பில் பூசவே கூடாது. ஒரு மணி நேரத்துக்கு அந்த இடத்தில் தேங்காய் எண்ணெய், சன் க்ரீம், தண்ணீர் எதுவும் படக்கூடாது. பேரப்பிள்ளையைத் தூக்குவதும் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் மருந்து குழந்தையின் தோலுக்கும் ஒட்டும். ஜெல்லில் ஆல்கஹால் இருப்பதால் காயும்வரை விளக்கு, கற்பூரம் பக்கம் போகாதீர்கள்.

குறை என்றால் பாட்டில்தான். 80 கிராம் பாட்டிலில் 64 அழுத்தல். அதற்குப்பின் மிச்சம் இருப்பதுபோல் தெரிந்தாலும் அளவு குறையும். தகிப்பு திடீரென்று திரும்பினால் முதலில் இதைப் பாருங்கள். திறந்த தேதியைப் பாட்டில்மேல் எழுதி வையுங்கள்.

கருப்பை இருப்பவர்கள் இதைத் தனியாக எடுக்கக் கூடாது. உட்சுவர் தடித்து, புற்றுநோய்வரை போகலாம். கூடவே அதைத் தடுக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் வேண்டும், பெரும்பாலும் இரவில் 200 மி.கி. வீதம் மாதம் 12 நாளாவது. தலைசுற்ற வைக்கும் என்பதால் படுக்கும்போது விழுங்க வேண்டும்.

மாரடைப்பைத் தடுக்கும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். 2002இல் நிறுத்தப்பட்ட அமெரிக்க டபிள்யூ.எச்.ஐ. (பெண்கள் நல) ஆய்வில், சராசரி 63 வயதுப் பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை இதயத்தைக் காக்கவில்லை, பக்கவாதமும் கூடியது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுக்குள் தொடங்குவோருக்கே நன்மை-அபாயக் கணக்கு சாதகம். மாரடைப்பு, பக்கவாதம், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது வேண்டாம். தொடங்குமுன் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். பூசிவரும் நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே டாக்டரிடம் போங்கள்; நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே அவசர மருத்துவ உதவி எண் 15ஐ அழையுங்கள்.