நாரி நோவுக்குக் கைரோபிராக்டிக்: 7 ஆண்டுப் பயன்பாட்டின் பின் எழுதுவது

கனடாவின் ரொறன்ரோவைச் சேர்ந்த ஸ்காபரோவில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எழுந்து நிற்க முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதும் குளிப்பாட்டுவதும் படுக்கையில் புரட்டிவிடுவதுமாகப் பெரும்பாலும் குனிந்தே கழியும் வேலை என்பதால், நாரி நோ (கீழ் முதுகு நோ) எங்களில் அநேகருக்குப் பழகிப்போன ஒன்று. 2018 ஜனவரியில் வீட்டு வாசலில் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நாரி பிடித்துக்கொண்டது. நான்கு நாட்களுக்குச் சப்பாத்து நாடாவைக்கூட இன்னொருவர்தான் கட்டிவிட வேண்டியிருந்தது. குடும்ப வைத்தியர் நப்ரொக்சன் என்ற நோ மருந்தும் தசையைத் தளர்த்தும் குளிசையும் எழுதித் தந்தார். முதலாவது வயிற்றை எரித்ததோடு, ஏற்கெனவே மருந்தில் கட்டுப்பட்டிருந்த என் இரத்த அழுத்தத்தையும் கூட்டியது. இரண்டாவதை எடுத்தால் இரவு வேலையில் கண் விழித்திருக்க முடியவில்லை. மருந்தில்லாத வழியைத் தேடியதற்குக் காரணம் இவ்வளவுதான். ஆங்கில மருத்துவத்தின் மீது எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை.

கூட வேலை செய்யும் ஒருவர் சொன்ன கைரோபிராக்டிக் நிலையத்துக்கே, அதாவது முள்ளந்தண்டையும் மூட்டுகளையும் கையால் அழுத்தி அசைத்துச் சிகிச்சை செய்யும் இடத்துக்கே, முதலில் போனேன். முதல் நாளே எக்ஸ்ரே எடுத்து, முள்ளந்தண்டு எலும்புகள் இடம் விலகியிருப்பதாகப் படத்தில் கோடு போட்டுக் காட்டி, 12 வாரங்களில் 36 தடவை வர வேண்டும் என்று சொல்லி 1,440 டொலரை முற்பணமாக வாங்கினார்கள். நோ ஓரளவு குறைந்தது உண்மை. ஆனால் ஐந்தாவது வாரத்தில், கழுத்தெலும்பைச் சரிசெய்தால் இரத்த அழுத்தம் தானாக இறங்கிவிடும், குளிசையை விட்டுப் பார்க்கலாம் என்றார்கள். நம்பி விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, வேலையில் தலையிடி தாங்க முடியாமல் இருந்தபோது எங்கள் தாதி அளந்து பார்த்தார். 172க்கு 106 இருந்தது. அன்று மாலையே குடும்ப வைத்தியரிடம் போய்க் குளிசையை மீண்டும் தொடங்கினேன். மீதிப் பணத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர்தான் தேடி அறிந்தேன். கைரோபிராக்டிக்கைத் தொடங்கிய டி. டி. பால்மர், 1845 இல் எங்களுக்கு அடுத்துள்ள பிக்கரிங் பகுதியில் பிறந்தவர். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் 1895 இல் ஹார்வி லிலார்ட் என்பவரின் முதுகெலும்பை அழுத்திக் கேட்கும் திறனை மீட்டதாகக் கூறினார்; நோய்களில் 95 சதவீதம் இடம் விலகிய முள்ளந்தண்டு எலும்புகளால் வருபவை என்றும் எழுதினார். இன்று இத்தொழிலில் உள்ள பலர் அந்தக் கொள்கையைக் கைவிட்டு, முதுகு, கழுத்து, மூட்டு நோவோடு நின்றுகொள்கிறார்கள். கைவிடாதவர்களும் இருக்கிறார்கள். வெளிப் பலகையைப் பார்த்து யார் எந்த வகை என்று கண்டுகொள்ள முடியாது.

2018 செப்டெம்பரில் நான் போன இரண்டாவது கைரோபிராக்டர் முதல் 40 நிமிடமும் கேள்விகளே கேட்டார். சிறுநீர் போவதில் மாற்றம் உண்டா, தொடைகளுக்கு இடையே மரத்துப்போகிறதா, காய்ச்சல் வந்ததா, காரணமின்றி மெலிந்தேனா, இரவில் படுத்தாலும் நோ குறையவில்லையா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, இவற்றில் எதுவும் இல்லாததால் எக்ஸ்ரே தேவையில்லை என்றார். ஆறு தடவைக்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் குடும்ப வைத்தியரிடமே திருப்பி அனுப்புவதாகவும் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் தங்கினேன்.

சிகிச்சை எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு: பக்கவாட்டில் படுக்கவைத்து, மேல் முழங்காலை மடித்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை மறுபக்கமும் திருப்பிப் பிடித்துக்கொண்டு, மூச்சை விடும் நேரத்தில் விரைவாக ஒரு சிறு தள்ளு. ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது எலும்பு இடத்தில் பொருந்தும் சத்தமல்ல. மூட்டு இழுபடும்போது அதனுள்ளிருக்கும் திரவத்தில் வாயுக் குமிழ் உருவாவதால் வருவது. 2015 இல் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல் மூட்டைச் சொடுக்கும்போது எம்ஆர்ஐ எடுத்து இதைக் காட்டினார்கள். சத்தம் கேட்காத நாட்களிலும் எனக்கு அதே அளவு ஆறுதல் கிடைத்திருக்கிறது. முதல் மூன்று தடவையும் மறுநாள் முழுக்க அடித்துப்போட்டது போன்ற உளைவு இருந்தது. கழுத்தைத் திருப்பும் சிகிச்சைக்கு நான் சம்மதிக்கவில்லை. கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரும் ஆபத்து மிக அரிது என்றாலும் உண்டு என்பதை அவரே சொன்னார்; எனக்குக் கழுத்தில் நோவும் இருக்கவில்லை.

நோவைப் பூச்சியம் முதல் பத்து வரை தினமும் கொப்பியில் குறித்து வந்தேன். தொடங்கும்போது 7, ஆறு தடவைக்குப் பின் 4. அதன் பிறகு பல மாதம் அந்த 4 அசையவேயில்லை. இரண்டு நாள் இறங்கும், ஐந்தாம் நாள் ஏறும். அப்போதுதான் அவர், வாட்டர்லூ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் வகுத்த மூன்று பயிற்சிகளைக் கற்றுத் தந்தார்: மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் சற்றே உயர்த்துவது, பக்கவாட்டில் முழங்கையை ஊன்றி இடுப்பை எழுப்புவது, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. சலிப்பூட்டுபவை, விட்டுவிட்டுத்தான் செய்தேன்.

2020 மார்ச்சில் கொரோனாவால் நிலையம் மூடப்பட்டு, மே இறுதியில்தான் திறந்தது. எங்கள் இல்லத்தில் ஆட்கள் குறைந்து வேலை இரட்டித்திருந்த காலம் அது. நாரி மீண்டும் பிடித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் அந்தப் பத்து வாரமும் ஒரு நாள் தவறாமல் பயிற்சியைச் செய்தேன், அரை மணி நேரம் நடந்தேன். திறந்தபோது கொப்பியில் இருந்த எண் 2. கைரோபிராக்டரின் சிகிச்சை என்னை நடக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தது. நோவை இறக்கி வைத்தது பயிற்சி. இதை அவரிடம் சொன்னபோது, இனி மாதாமாதம் வரத் தேவையில்லை, பிடித்துக்கொண்டால் மட்டும் வாருங்கள் என்றார்.

மற்ற வழிகளில், அக்குபங்சர் எட்டுத் தடவை செய்தும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. மசாஜ் இரண்டு நாள் தாங்கும். அம்மாவின் நோவெண்ணெயும் சுடுதண்ணீர் ஒத்தணமும் இரவில் நித்திரைக்கு உதவுகின்றன, செலவும் இல்லை. செலவைப் பற்றிச் சொல்வதானால், ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி 2004 டிசம்பரிலிருந்து கைரோபிராக்டிக்குக்குப் பணம் கொடுப்பதில்லை. என் வேலைத்தலக் காப்புறுதி ஆண்டுக்கு 500 டொலர் வரை தருகிறது, கடந்த ஆண்டு அதில் நான்கில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை.

என் அனுபவம் ஒருவருடையது மட்டுமே என்பதால் இதையும் சேர்க்கிறேன். நாட்பட்ட நாரி நோவில் முள்ளந்தண்டைக் கையால் அசைக்கும் சிகிச்சை பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த கட்டுரை, அது உடற்பயிற்சி போன்ற பிற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுக்கு ஒப்பான பலனையே தருகிறது என்றது. மேலானது என்று சொல்லவில்லை, பயனற்றது என்றும் சொல்லவில்லை. என் கொப்பியும் அதைத்தான் சொல்கிறது.

கடந்த மாதம் 81 வயதான அம்மாவுக்கு முதுகு நோவென்று அந்த இரண்டாவது கைரோபிராக்டரிடமே கூட்டிப் போனேன். எலும்பு எளிதில் முறியக்கூடிய எலும்பு நலிவு நோய் இருப்பதைக் கேட்டதும் கை வைக்க மறுத்துவிட்டார். முள்ளெலும்பு நசிந்திருக்கலாம் என்று குடும்ப வைத்தியருக்குக் கடிதம் எழுதித் தந்து, பணமும் வாங்காமல் அனுப்பினார்.