எலும்பு எதை ஏற்கும்? டைட்டானியம், அபடைட் பூச்சு, உயிர்வினைக் கண்ணாடி: ஓர் ஒப்பீடு

இம்ப்ளான்ட் (எலும்புக்குள் பொருத்தும் செயற்கைப் பாகம்) என்றதும் எல்லோரும் கேட்பது "எது கெட்டியானது?" என்றுதான். கெட்டித்தனத்தில் இன்று பெரிய குறை இல்லை. தாடையில் ஏற்றிய டைட்டானியத் திருகு முறிந்துபோவது அபூர்வம். சிக்கல் பெரும்பாலும் உலோகமும் எலும்பும் தொட்டுக்கொள்ளும் இடத்தில்தான் முளைக்கிறது.

திருகை முடுக்கிய அன்று பிடிப்பு நன்றாகவே இருக்கும். அது வெறும் இறுக்கம். துளையைச் சுற்றி நசுங்கிய பழைய எலும்பை உடல் மெல்லக் கரைத்து அகற்றுகிறது. புது எலும்பு அதற்குள் முற்றியிருக்காது. மூன்றாவது, நான்காவது வாரத்தை ஒட்டிப் பிடிப்பு ஒருமுறை தளர்ந்து, பிறகுதான் ஏறுகிறது. மேற்பரப்பில் செய்யும் வேலையெல்லாம் பெரும்பாலும் இந்தப் பள்ளத்தைத் தூர்ப்பதற்குத்தான். ஆனால் சில வாரத் தேவைக்காகப் பூசிய பொருள், அதன் பின் பல ஆண்டுகள் உள்ளேயே கிடக்கப்போகிறது. ஒரு பூச்சை எடைபோடும்போது அது எவ்வளவு வேகமாக எலும்பை வரவழைக்கிறது என்பதோடு, வேலை முடிந்தபின் அது என்ன ஆகிறது என்பதையும் நான் பார்க்கிறேன். விளம்பரங்களில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

பூச்சில்லாத டைட்டானியத்திலிருந்து தொடங்குவோம். 1950களில் ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனெமார்க், ரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து கழற்றப் பார்த்தால், எலும்பு அதை விடவில்லை. 1965-ல் முதல் நோயாளியின் தாடையில் டைட்டானியத் திருகுகள் ஏறின. அந்த உலோகத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் தானாகப் படியும் ஆக்சைடு படலம்தான் அதற்குக் காப்பு. உடல் அதை அந்நியமாக விரட்டுவதில்லை. ஆனால் எலும்பை அழைப்பதும் இல்லை. வந்தால் இடம் தரும், அவ்வளவுதான்.

அந்த அமைதியான உலோகத்தைச் சுறுசுறுப்பாக்க எளிய வழி, அதைச் சொரசொரப்பாக்குவது. கடினமான துகளை வேகமாக அடித்து, பிறகு அமிலத்தில் அரிக்க விடுகிறார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், முப்பது மைக்ரான் அகலக் குழிகளும், அவற்றின் சுவரெங்கும் ஓரிரு மைக்ரான் அளவுப் பொடிக்குழிகளும் தெரியும். பெரிய குழியில் எலும்பு பூட்டிக்கொள்கிறது. சின்னக் குழியில் ரத்த உறைவின் இழைகள் பற்றிக்கொண்டு செல்களுக்கு ஏணியாகின்றன. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அப்போதுதான் அரித்தெடுத்த தகட்டில் ஒரு சொட்டு நீர் விட்டால், அது பரவி மறைந்துவிடும். அதே தகட்டைச் சில வாரம் திறந்த காற்றில் வைத்துவிட்டுச் சொட்டினால், தாமரை இலைத் தண்ணீர்போலத் திரண்டு நிற்கும். காற்றில் உள்ள கார்பன் சேர்மங்கள் படிவதால் வரும் வினை இது. அதனால்தான் சில இம்ப்ளான்ட்கள் உப்புநீரில் மூழ்கிய நிலையிலேயே அடைத்து விற்கப்படுகின்றன.

எதிர்ப் போட்டியாளர் ஹைட்ராக்ஸி அபடைட். எலும்பின் கனிமப் பகுதிக்கு நெருங்கிய உறவுக்காரர்: கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. செயற்கை இடுப்பு மூட்டில் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டுகளில் 1980களின் நடுவிலிருந்து இதைப் பூசி வருகிறார்கள். எலும்புக்கும் தண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விழுந்தாலும், இந்தப் பூச்சிருந்தால் எலும்பு எட்டிப் பிடிக்கும். வெறும் உலோகத்தில் அந்த இடத்தை நார்த்திசு ஆக்கிரமித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

குறை, பூசும் முறையிலேயே தொடங்குகிறது. பத்தாயிரம் டிகிரியையும் தாண்டும் பிளாஸ்மாச் சுடரின் வழியே தூளைச் செலுத்தி உருக்கித் தெளிக்கிறார்கள். தூளின் ஒரு பகுதி அந்தச் சூட்டில் சிதைந்து, எளிதில் கரையும் வேறு பாஸ்பேட்டாகிவிடுகிறது. உலோகத்தைவிட அபடைட் அதிகம் விரிந்து சுருங்குவதால், ஆறும்போதே பூச்சுக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. ஐம்பது மைக்ரானுக்கு மேற்பட்ட தடிமனில் பூசியது, ஈரச்சுவரில் காரை பெயர்வதைப்போல உரிந்துவர இடமுண்டு.

இடுப்புத் தண்டில் இதனால் பெரிய கேடு நேர்வதில்லை. அது முழுக்க உடலுக்குள் புதைந்திருக்கிறது. பூச்சு கரையக் கரைய எலும்பு அந்த இடத்தைப் பிடிக்கிறது. அடியிலுள்ள உலோகமும் சொரசொரப்பாக இருந்தால் பிடிப்பு நிலைக்கும். (நுண்துளை உலோகத் தண்டுகள் பூச்சே இல்லாமலும் நீண்ட காலக் கணக்கில் ஏறக்குறைய இதே அளவு நிற்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.) வாய் அப்படியல்ல. பல் இம்ப்ளான்ட் ஈறைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கிறது. ஈறு சற்று இறங்கினாலே பூச்சு எச்சிலுக்கும் பாக்டீரியாவுக்கும் திறந்துவிடும். கரையும், உரியும் அந்தப் பரப்பு கிருமிகளுக்குக் குடியிருப்பு. 1980களில் பரபரப்பாக வந்த தடித்த அபடைட் பூச்சுப் பல் இம்ப்ளான்ட்கள் பின்னர் ஓரங்கட்டப்பட்டதற்கு இந்த அச்சமே முக்கியக் காரணம். என் தீர்ப்பு தெளிவு: இடுப்பில் அபடைட்டுக்கு இடம் உண்டு, தாடையில் அமிலத்தில் அரித்த வெறும் டைட்டானியமே மேல்.

உயிர்வினைக் கண்ணாடியின் கதை வேறு. 1967-ல் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர், பஸ் பயணத்தில் பக்கத்திலிருந்த பொருளறிவியல் ஆய்வாளர் லாரி ஹென்ச்சிடம், உடல் ஏற்கிற பொருள் கிடைக்காமல் கை கால்களை வெட்ட வேண்டியிருக்கிறதே என்று ஆதங்கப்பட்டார். 1969-ல் புளோரிடாவில் ஹென்ச் தன் கண்ணாடியை உருவாக்கினார். ஜன்னல் கண்ணாடியில் எடையில் எழுபது சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா. இதில் 45 மட்டுமே. மீதி சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றின் ஆக்சைடுகள். உடல்நீர் பட்டவுடன் சோடியம் வெளியேறுகிறது, பரப்பில் சிலிக்காக் கூழ் படிகிறது, அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து எலும்பின் கனிமத்தைப்போலவே படிகமாகின்றன. எலும்போடு உண்மையாகவே பிணையும் பொருள் இது. வேகத்தில் அபடைட்டையும் முந்தும்.

அப்படியிருந்தும் பூச்சாக இது தேறவில்லை. டைட்டானியத்தின்மேல் உருக்கிப் பூசினால் ஆறும்போது விரிசல் விடுகிறது. சூடேறிப் படிகமானால் வினைத்திறன் குறைகிறது. எல்லாம் சரியாக அமைந்தாலும் கரைவதே அதன் இயல்பு. சுமையில்லாத குழியில் குருணையாக நிரப்பும்போது அந்தக் கரையும் குணமே வரம். எஸ்53பி4 என்ற வகை, கரையும்போது சுற்றுப்புறத்தின் காரத்தன்மையைக் கூட்டிப் பாக்டீரியாவையும் ஒடுக்குகிறது. நாள்பட்ட எலும்புச் சீழ் நோயில் குழியை நிரப்ப அதைப் பயன்படுத்துகிறார்கள்.

டைட்டானியத்துக்கே மாற்றாக வரும் பொருள்களும் உண்டு. சிர்கோனியா என்ற பீங்கான் வகை வெண்மையானது, மெல்லிய ஈறின் வழியே சாம்பல் நிழல் தெரியாது. முன்பற்களுக்கு அதைப் பரிசீலிக்கலாம். ஆனால் விறைப்பில் டைட்டானியத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. பீக் (PEEK) என்ற பிளாஸ்டிக் வகை நேர் எதிர்: எலும்பைவிடவும் நெகிழ்வானது, ஆனால் எலும்பு அதன்மேல் ஒட்ட மறுக்கிறது. பூச்சு உண்மையாகவே தேவைப்படுவது இதற்குத்தான்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது, ஜப்பானில் தடாஷி கொகுபோ காட்டிய வழி. டைட்டானியத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, பிறகு 600 டிகிரியில் சூடாக்குகிறார்கள். மேற்பரப்பே சோடியம் டைட்டனேட்டாக மாறிவிடுகிறது. உடலுக்குள் போனதும் உடல்நீரிலிருந்தே அபடைட்டை அது தன்மேல் படியவைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து தடித்த அடுக்கைத் தெளிக்கவில்லை என்பதால், காரைபோல உரிவதற்கும் அங்கே ஏதுமில்லை.