அழகர்மலை அடிவாரப் பள்ளியில் ஆறு ஆண்டு சோலார்

“சோலார் போட்டுவிட்டால் மின்வெட்டுக் கவலை இல்லைதானே சார்?” சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். கவலை போகாது என்றால் நம்ப மறுக்கிறார்கள். 2019 ஜனவரியில் நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

அழகர்கோவிலுக்கும் மேலூருக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். முன்னாள் மாணவர்கள் பணம் திரட்டி மொட்டை மாடியில் 335 வாட் பேனல்கள் 15 பொருத்திக் கொடுத்தார்கள். ஏறக்குறைய 5 கிலோவாட். தொடக்க விழா முடிந்து எல்லாருக்கும் கேசரி கொடுத்த மறுவாரமே நண்பகலில் கரண்ட் போனது. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே ஒரு மின்விசிறிகூடச் சுற்றவில்லை. தலைமையாசிரியை காரணம் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்களுடையது பேட்டரி இல்லாத, மின்கம்பியோடு இணைந்த வகை. வெளியிலிருந்து மின்சாரம் வருவது நின்றால், பேனல் மின்சாரத்தை விசிறி, விளக்குக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால், பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் கைக்கு எங்கள் மாடி மின்சாரம் போய்ச் சேரும். ஓர் உயிரைக் காக்கிற ஏற்பாடு அது. ஆனால் பணம் கொடுக்கும் முன்பே இதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். 2022இல் தனியாக ஒரு சிறிய இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரியும் வாங்கி, பத்தாம் வகுப்புக்கும் கணினி அறைக்கும் மட்டும் இணைத்தோம். அதற்கு மாதந்தோறும் டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்ற வேண்டும். அடுத்த பேட்டரிக்கு இப்போதே ஒரு சிறு தொகை சேர்த்து வருகிறோம்.

சோலார் இன்வெர்ட்டருக்குக் கீழே ஆணியில் ஓர் அரைக்குயர் நோட்டு தொங்குகிறது. பள்ளி விடும் நேரத்தில் அன்றைய யூனிட்டை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் எழுதுவார்கள். மாசி, பங்குனியில் நாளுக்கு 22, 23 யூனிட். ஐப்பசி அடைமழையில் 6, 7 ஆகக்கூட இறங்கும். அழகர் மதுரைக்குப் புறப்படும் சித்திரையில்தான் எல்லாவற்றையும் மிஞ்சும் என்று பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள், பங்குனியே ஜெயித்தது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரியில் அளந்த திறனைத்தான் பேனலின் பின்புறம் அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். சித்திரை நண்பகலில் மாடியில் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது ஏழில் ஒரு பங்கு காணாமல் போகிறது. பாடநூலில் நான் நடத்தியதைவிட இந்த நோட்டு அவர்களுக்கு நன்றாகவே நடத்திவிட்டது.

நோட்டு எழுதாத காலத்தில்தான் பெரிய இழப்பு நேர்ந்தது. 2020 மார்ச்சில் பள்ளி மூடியது. 2021 ஜனவரியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் திரும்பி வந்தபோது மொத்தக் கணக்கைப் பார்த்தேன். குறைந்தது 5,500 யூனிட் ஏறியிருக்க வேண்டும், ஏறியது 3,700. மாடிக்கு ஓடினேன். மலையிலிருந்து வரும் குரங்குகள் ஒரு வரிசையின் வயரை இழுத்துப் பிடுங்கிப் போட்டிருந்தன. எட்டுப் பேனல்கள் மாதக்கணக்கில் வெறுமனே வெயிலில் காய்ந்திருக்கின்றன. போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் எண்ணை அழைத்தால் பயன்பாட்டில் இல்லை என்றது. மேலூரிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்து, எல்லா வயரையும் இரும்புக் குழாய்க்குள் விட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு குரங்குத் தொல்லை இல்லை.

அடுத்தது தூசி. எங்கள் பக்கம் சாலையில் எழும் புழுதி மழை பெய்யாத மாதங்களில் மாவு சலித்தது போல் பேனலில் படியும். இரண்டு வாரம் விட்டால் நோட்டில் இரண்டு யூனிட் குறையும். கழுவுவதற்கு ஆள் வைத்திருக்கிறோம். விடிந்ததும் கண்ணாடி சூடேறும் முன் கழுவிவிட வேண்டும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு. அது காய்ந்தால் வெள்ளைத் திட்டுத் திட்டாக நிற்கும் என்பதால் கடைசியில் தொட்டி மழைநீரால் துடைக்கிறோம். இந்த வேலைக்குப் பிள்ளைகளை மாடியேற்றவே கூடாது. பகல் வெளிச்சம் இருக்கும் வரை, மெயின் சுவிட்சை அணைத்தாலும் பேனல் வரிசைக் கம்பியில் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

மேற்குப் பக்க வேப்பமரத்தின் நிழல் மூன்று மணிக்கு மேல் இரண்டு பேனல்களில் விழும். ஒரு பேனலில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் தளரும். மரத்தை வெட்டிவிடச் சொன்னார்கள். பிள்ளைகள் சத்துணவுத் தட்டோடு உட்காரும் இடம் அது, நான் ஒப்பவில்லை. கிளைகளை மட்டும் கழித்தோம். நாளுக்கு ஒரு யூனிட் போகிறது. போகட்டும்.

முன்பு இரண்டு மாதத்துக்கு 4,000 ரூபாய் தாண்டிய மின்கட்டணம் இப்போது சில நூறுகளில் நிற்கிறது. விடுமுறை நாட்களில் மிஞ்சுவது வெளியே போகிறது, அதை இருவழி மீட்டர் கணக்கில் வைக்கிறது.

அந்த மிச்சத்தின்மீதுதான் இப்போது என் கண். தொலைவிலுள்ள ஒரு குடியிருப்பிலிருந்து ஏழு பிள்ளைகளை ஒரு டீசல் ஆட்டோ அழைத்து வருகிறது. ஒன்பதே காலுக்கு இறக்கிவிட்டு மாலை வரை அதே வேப்பமரத்தடியில் நிற்கும். அமெரிக்காவில் 2021இல் சட்டம் இயற்றி, மஞ்சள் பள்ளிப் பேருந்துகளை மாசு குறைந்தவையாக மாற்ற 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள், அதில் பாதி மின்சாரப் பேருந்துகளுக்கு மட்டுமே. காலையும் மாலையும் ஓடி, நடுப்பகலில் நிற்கும் வண்டிதான் சூரிய மின்சாரத்துக்கு ஏற்ற வண்டி. எங்கள் ஆட்டோவும் அந்த வகைதானே? மின்சார ஆட்டோவின் பேட்டரி நிறைய ஏழெட்டு யூனிட் போதும். ஆட்டோக்கார அண்ணன் புது வண்டிக்கு வங்கியில் கடன் கேட்டிருக்கிறார். பள்ளி இணைப்பில் சார்ஜ் செய்யலாமா என்று அனுமதி கேட்டு நாங்கள் எழுதியிருக்கிறோம். மாடிப்படிக்குக் கீழே பிளக் வைக்க வேண்டிய இடத்தைப் போன வெள்ளிக்கிழமை அவரே வந்து அளந்துவிட்டுப் போனார்.